கப்பலைத் தவறவிட்டவரின் கடை

துபாயின் சத்வா பகுதியில் எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை கைநழுவிப் போனதற்குக் காரணம், எனக்கு ஹிந்தி தெரியாது என்று நான் உண்மையைச் சொன்னதுதான்.

அப்போது விசிட் விசாவில் துபாய் வந்திருந்தேன். விசா முடிவதற்குள் ஒரு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெரம்பலூர்ப் பக்கம் உள்ள என் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு, கல்லூரியில் முதலிடம். "அம்மாம் படிச்சவ, போன வேகத்துல வந்துட்டா பாரு" என்று சொல்வதற்காகவே சிலர் காத்திருந்தார்கள். அவர்களைக் காக்கவைப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அதை விட்டுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

தங்கியிருந்தது தையல் கடைகளுக்கு மேலே ஓர் அறையில். தையல் இயந்திரங்களின் சத்தம் பகலெல்லாம் தரை வழியாக மேலே வரும். கூட இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். சரக்குக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர், வளைகுடாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். வேலையைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். இரண்டு தெரு தள்ளி ஓர் அரபுச் சாப்பாட்டுக் கடை. நடத்துபவர் மக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓர் அம்மா. போனில் ஆர்டர் எடுக்கவும், ஆங்கிலத்தில் எழுதவும், கல்லாவைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு பெண் வேண்டுமாம்.

"போய்க் கதைச்சுப் பாரும். நல்ல மனிசி. வாயைத் திறந்தாச் சிரிப்புத்தான்," என்றார் அக்கா.

போனேன். கடைப் பலகை முழுக்க அரபு எழுத்து. எனக்கு அது அழகான கோலம், அவ்வளவுதான். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்பு அபாயா அங்கி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வரலாறு என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஹிந்தி தெரியும்தானே உனக்கு?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அதுவரை ஏறி இறங்கிய எல்லா அலுவலகங்களிலும் இதைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் நெளிந்துகொண்டே, கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அன்று நெளிவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன்.

"தெரியாது, மேடம்."

"கேள்விப்பட்டதுகூட இல்லையா?"

"கேள்விப்படாமல் என்ன? எங்கள் பக்கம் யாருக்கும் அது தேவைப்படவில்லை."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "தேவைப்படவில்லையா?"

"பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விட்டதில்லை, மேடம். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே போராட்டம்தான். வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம்."

"ஹிந்தியையா?"

"ஹிந்தியைத்தான்."

"ஹிந்தி உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?"

"கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருமுறை உள்ளே விட்டால் பிறகு போகாது. மெதுவாக வீட்டையே பிடித்துக்கொள்ளும்."

இதைச் சொல்லும்போது என் முதுகு நேராக நிமிர்ந்திருந்தது. அந்த அம்மா சான்றிதழ்களை அடுக்கி, மெதுவாக என் பக்கம் தள்ளினார். "கலாஸ்," என்றார். முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் வளைகுடாவில் இறங்கிய அன்றே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

மாலையில் நடந்ததை அப்படியே அக்காவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"எடி பிள்ளை, அந்த மனிசியின்ர குடும்பப் பேரே ஹிந்திதானே! கடைப் பலகையிலயும் அதுதான் எழுதிக் கிடக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"அரபியில ஹிந்தி எண்டா இந்தியாக்காரன். பாஷையில்லை. அவையின்ர பூட்டன் எவனோ இந்தியாவில இருந்து வந்தவனாம். எங்கட கடையைத் தெரியுமோ எண்டுதான் அவ கேட்டிருக்கிறா. நீர் என்னண்டால் அந்த மனிசியின்ர முழுப் பரம்பரையையும் பள்ளிக்கூட வாசல்ல நிப்பாட்டிப்போட்டு வந்திருக்கிறீர்!"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி என் முகத்தைப் பார்த்து, மறுபடி புரையேறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டையே பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னது மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் குவைத்தில், மங்காஃபில் தங்கி வேலை பார்க்கிறார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே வளைகுடாவுக்குப் போனவர். என் படிப்பு முழுவதும் அவர் மண்வெட்டி பிடித்து வாங்கித் தந்தது. கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

"பாப்பா, இது நம்ம குடும்பத்துக்கே உள்ள வியாதி. நான் வந்த புதுசுல ஃபோர்மேன் 'யா ஹிந்தி, யா ஹிந்தி'ன்னு கத்துவான். வேற யாரையோ கூப்புடுறான்னு நான் எம்பாட்டுக்கு மண்ணள்ளிக்கிட்டு இருப்பேன். நமக்குத்தான் இந்தி தெரியாதே! அவன் என்னைய செவிடுன்னு நெனச்சு கிளினிக்குக்கு அனுப்பிட்டான். டாக்டரு காதுல லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, காது நல்லாத்தான் இருக்கு, ஆளுதான் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"அப்படி எழுதுனாருன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்? உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அவரு சிரிச்ச சிரிப்புல தெரிஞ்சுது. நீ நாளைக்கே போ. போயி, எங்கப்பனும் இப்பிடித்தான்னு சொல்லு. வேலை குடுத்தா குடுக்கட்டும், இல்லாட்டி டீயாச்சும் குடுக்கும் அந்தம்மா."

மறுநாள் காலை, கடை திறக்கும்போதே போய் நின்றேன். முதலில் அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. மொழி என்று நினைத்துவிட்டேன் என்றேன். எங்கள் ஊரில் மொழிக்காக நடந்த சண்டைகளைச் சொன்னேன். அப்பாவைக் காது பார்க்க அனுப்பிய கதையையும் சொன்னேன். கிளினிக் வந்த இடத்தில் அவர் கல்லா மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே அவருடைய தம்பியைப் போனில் கூப்பிட்டு அரபியில் முழுக் கதையையும் சொன்னார். நடுநடுவே மதரஸா, மதரஸா என்று பள்ளிக்கூடம் வந்து போனது. அப்பா சொன்னபடியே டீயும் வந்தது.

"நேற்று வீட்டுக்குப் போய், இந்தியாவில் எங்கள் தாத்தாவை யாரும் மறக்கவில்லை, இன்னும் கோபமாக இருக்கிறார்கள் என்று சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "யாருக்கோ கடனைத் திருப்பித் தராமல் ஓடி வந்துவிட்டார் போல என்றான் என் தம்பி."

பிறகு தன் தந்தை பெயரில் தொடங்கி, அவர் தந்தை, அவருடைய தந்தை என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது. மூச்சு முடிகிற இடத்தில் ஒரு மனிதர் நின்றார். அவருக்குப் பெயர் இல்லை. வெறும் ஹிந்தி.

பாய்மரக் கப்பல் காலத்தில் ஹஜ்ஜுக்கு வந்தவராம். ஜித்தாவில் இறங்கி, மக்காவுக்குப் போய்க் கடமையை முடித்துவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பினால் கப்பல் போய்விட்டது. அந்தக் காலத்தில் காற்று மாறினால்தான் அடுத்த கப்பல். அதுவரை வயிறு சும்மா இருக்குமா? வழியில் ஓரிடத்தில் அடுப்பு மூட்டி, வருகிற யாத்ரீகர்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார். காற்று மாறியது, கப்பலும் வந்தது. கடையில் கூட்டமாக இருந்ததால் அடுத்த கப்பலில் போகலாம் என்றாராம். அதற்கடுத்த முறை கல்யாணம் ஆகியிருந்தது.

"இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டேன். என் குரலில் ஆசை தெரிந்திருக்க வேண்டும்.

"தெரியாது. ஏன், உன் ஊராக இருக்க வேண்டுமா?"

இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். நம் கடற்கரையிலிருந்தும் கப்பல்கள் போயிருக்கின்றன. ஆனால் படித்தவள் என்று மார்தட்டிக்கொள்கிறவள் ஆதாரம் இல்லாமல் ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்கக் கூடாது. விட்டுவிட்டேன்.

அவர் மட்டும் அல்ல, அந்த வழிகளில் அப்படித் தங்கிப்போனவர்கள் ஏராளம். புகாராவிலிருந்து வந்து தங்கியவர் புகாரி ஆனார். ஜாவாத் தீவுக்காரர் ஜாவி ஆனார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியிலிருந்து நடந்தே வந்து, போகிற வழியில் கூலி வேலை செய்து, வந்து சேரவே வருடக்கணக்கில் ஆனவர்களுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. வந்தவர்கள் தங்கள் சமையலையும் கொண்டு வந்தார்கள். கேரட்டும் திராட்சையும் போட்ட புகாரிச் சோறு, இறைச்சியை மாவில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் மந்து, முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுடும் முதப்பக். முதப்பக்கை அந்த அம்மா எனக்குச் சுட்டுக் காட்டியபோது, எங்கள் ஊர்ப் பக்கத்து டவுனில் முர்தபா என்று தின்றது இதன் தம்பிதான் என்று தெரிந்தது. இன்று இவையெல்லாம் மக்காச் சாப்பாடு. யாராவது வெளியூர்ச் சாப்பாடு என்றால் மக்காக்காரர்களுக்குக் கோபம் வரும்.

அங்கேதான் அந்த அம்மாவின் பிரச்சினையும் இருந்தது. பலகையில் ஹிந்தி என்று இருப்பதால், இந்தியச் சாப்பாடு என்று நினைத்து அரபுக்காரர்கள் கடையைத் தாண்டிப் போனார்கள். யாரோ சொல்லிக் கேட்டு வரும் நம் ஆட்களோ தோசை கேட்டார்கள். தோசை மாஃபி, இல்லை, என்று சொல்லியே அந்த அம்மாவுக்கு அலுத்துவிட்டது. பேரை எடுத்துவிடலாம், புதுப் பலகை போடலாம் என்று தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறு நானூறு வருஷமோ, அதற்கும் மேலோ இருந்த பேர். நான் எடுக்க மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "இதோ பார். வாசல் கண்ணாடி பெரியது. தெருவில் போகிறவர்களுக்கு நாங்கள் யார் என்று அதில் எழுது. வருகிற வெள்ளிக்கிழமை லீவு நாள், அன்று ஆள் உள்ளே வந்தால் பேரும் இருக்கும், நீயும் இருப்பாய். விசா நான் எடுக்கிறேன். வராவிட்டால் தம்பி சொன்னபடி பலகையை மாற்ற வேண்டும். அவன் மகளைக் கல்லாவில் உட்கார வைப்பான்."

விசிட் விசாவில் வேலை செய்யக் கூடாதே என்றேன்.

"கண்ணாடியில் எழுதுவது வேலையா? எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே," என்றார்.

அறைக்குப் போய் எழுதினேன். கல்லூரியில் பரிசு வாங்கியவள் எப்படி எழுதுவாளோ அப்படி எழுதினேன். பருவக் காற்றில் தொடங்கி, பாலைவன வழிகளில் வெட்டிய கிணறுகள், வணிகக் குழுக்கள், இடைக்காலத் துறைமுகங்கள் என்று நான்கு பத்தி. ஆங்கிலத்தில் நானும் அரபியில் அந்த அம்மாவும் கண்ணாடி முழுக்க வெள்ளை மையால் எழுதி முடித்தபோது கடைக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. இரண்டு நாள் பார்த்தேன். ஒருவர் நின்றார். எழுத்துக்கு நடுவே இருந்த இடைவெளியில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டு போனார்.

வேலை முடிந்து வந்த அக்கா தெருவில் நின்று முதல் பத்தியைப் பாதி படித்தார்.

"இதென்ன பிள்ளை, சோதினைத் தாளோ? சனம் பசியோட போகுது. நிண்டு பருவக் காத்தைப் படிக்குமோ?"

"சரித்திரம்னா அப்படித்தான்க்கா இருக்கும்."

"ஓம், அதுதான் ஒருத்தரும் படிக்கிறேல்லை."

கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு முதப்பக் தின்றேன். தின்றுகொண்டே யோசித்தபோது, எனக்கு அந்த அம்மா சொன்னதில் எது மனதில் நின்றது என்று பார்த்தேன். பருவக் காற்று இல்லை. அந்த ஆள் திரும்பிப் போகவில்லை என்பதுதான் நின்றது. வாளியில் தண்ணீர் எடுத்து வந்து நான்கு பத்தியையும் துடைத்தேன். மனம் கொஞ்சம் வலித்தது; இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு பெரிய எழுத்தில் எழுதினேன்:

மந்து நடந்து வந்தது.
புகாரிச் சோறு ஒட்டகத்தில் வந்தது.
முதப்பக் கப்பலில் வந்தது.
ஒருவரும் ஊர் திரும்பவில்லை.
கூட வந்த எங்கள் தாத்தா ஹிந்தியும்தான்.

அரபி, ஆங்கிலம், கீழே தமிழ். தமிழ் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என் கை, என் மை, எழுதினேன். "இது என்ன எழுத்து, வட்டவட்டமாக?" என்று அந்த அம்மா கேட்டார். என்னுடையது என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து தெரு நிறைந்தது. எங்கள் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை அங்கியில் ஒரு பெரியவர், பின்னால் மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே நின்றது. பெரியவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு கைத்தடியால் இரண்டாம் வரியைத் தட்டிக்கொண்டு சத்தம் போடத் தொடங்கினார். அந்த அம்மா வெளியே போனார். இருவரும் அரபியில் மாறி மாறிப் பேசினார்கள். வேகமாகப் பேசினால் எல்லா மொழியும் சண்டை போலத்தான் கேட்கிறது. வேலை போய், தம்பி மகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் காட்சி என் மனக்கண்ணில் ஓடியது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"இவர் புகாரிக் குடும்பம். ஜித்தாவிலிருந்து வந்திருக்கிறார். நீ எழுதியது தப்பாம். புகாரிச் சோறு நடந்துதான் வந்ததாம்."

எனக்குள் இருந்த வரலாற்று மாணவி எழுந்துவிட்டாள். "எந்த வழியாக வந்தார்கள் என்று கேளுங்கள். யார் சொன்னது என்றும் கேளுங்கள்."

கேட்டார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என் அம்மா சொன்னாள் என்கிறார். கிளம்பும்போது ஒட்டகம் இருந்ததாம். பாக்தாதைத் தாண்டியதும் அது செத்துப்போனதாம்."

"அப்படியானால் நான் எழுதியதில் பாதி சரி," என்றேன். மைப் பேனாவை எடுத்து, அவர் கண் முன்னாலேயே இரண்டாம் வரியின் கடைசியில் சேர்த்தேன்: ஒட்டகம் பாதி வழியில் செத்துப்போனது, மீதி வழியைச் சோறு நடந்தது. அந்த அம்மா அரபியில் எழுதினார். பெரியவர் கைத்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் படித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். பட்டாளம் முழுவதும் உள்ளே நுழைந்தது.

"என்ன சொன்னார்?"

"வழியை ஒழுங்காக எழுதிவிட்டார்கள், சோற்றை ஒழுங்காகச் செய்கிறார்களா பார்ப்போம் என்கிறார்."

வாசலில் ஒரு கூட்டம் இருந்தால் இன்னொரு கூட்டம் தானாக வரும். லீவு நாள் என்பதால் சைட்டில் வேலை பார்க்கும் நம் பையன்கள் நான்கைந்து பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"டேய், தமிழ்ல போட்ருக்கான்டா! 'ஒருவரும் ஊர் திரும்பவில்லை.' யாருடா அது?"

"நம்ம கேஸுதான்டா. ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் நானும் வந்தேன்."

"ஒட்டகம் வேற செத்துப்போச்சாம். பாவம், லீவு கேட்டுருக்கும், குடுத்துருக்க மாட்டானுவ."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். அவர் வாசலுக்கு வந்து அவர்களைப் பார்த்து, என்னிடம் சொன்னார்: "எங்கள் தாத்தாவும் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்றுதான் சொன்னார் என்று அவர்களுக்குச் சொல்."

சொன்னேன். "அப்ப அவரும் கான்ட்ராக்ட்ட நீட்டிட்டாருங்க," என்றான் முதல் பையன். "அக்கா, உள்ள தோசை இருக்கா?"

"தோசை மாஃபி. நடந்து வந்தது இருக்கு, கப்பல்ல வந்தது இருக்கு. எது வேணும்?"

"கப்பல்ல வந்ததே குடுங்க. நடந்து வந்தது வேணாம், நாங்க நடந்ததே போதும்."

மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மந்து தீர்ந்துவிட்டது. தம்பியின் போன் வந்தபோது அந்த அம்மா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்துக்கொண்டு பேசினார். பலகை வேண்டாம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"விசாவில் என்ன வேலை என்று போட வேண்டும்?" என்றார்.

"வரலாற்றாசிரியர்," என்றேன்.

"ஹபீப்தி, என் கண்ணே, சாப்பாட்டுக் கடைக்கு அந்த விசா தர மாட்டார்கள். கேஷியர் என்றுதான் தருவார்கள்."

"கேஷியர் என்றே போடுங்கள். ஆனால் அந்தக் கண்ணாடியில் என்னைத் தவிர வேறு யாரும் எழுதக் கூடாது."

அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து, என் பழைய படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலை கிடைத்த முதல் நாளே நிபந்தனை போடுகிறாய்," என்றார். "யல்லா, கிளம்பு, அந்தப் புகாரிப் பெரியவர் கேரட் பெரிதாக நறுக்கியிருக்கிறது என்கிறார். போய் அவரிடம் பேசு. கேள்வி கேட்டால் அவர் அடங்கிவிடுகிறார்."

போனேன்.